யாழ். நகரின் பழைய தெருக்களில் வீடு வாங்கவும் விற்கவும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நல்லூர், வண்ணார்பண்ணை, நாயன்மார்கட்டு, சுண்டுக்குளி, பிரதான வீதிப் பக்கம். கோயிலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தே போய்வரக்கூடிய இந்த இடங்களில் வீடு வாங்க விரும்புகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள், கொழும்பிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகத் தீவகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வருகிறவர்கள் எனப் பலர். வெளியே ஒரு வெறுங்காணி வாங்கிய அனுபவம் இங்கே அவ்வளவாக உதவாது. பழைய தெருவில் எந்த வளவும் தனியே நிற்பதில்லை. கிணற்றில் பக்கத்து வீட்டுக்குப் பங்கு இருக்கும், ஒழுங்கையில் நாலு வீட்டுக்குப் பங்கு இருக்கும், உறுதியில் (காணிப் பத்திரத்தில்) கனடாவில் இருக்கும் பெறாமகனுக்கும் பங்கு இருக்கும். இந்தப் பங்குகளை எல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் காசைப் பற்றிக் கதைக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் ஒழுங்கும் அதுதான்.

1. முதலில் நடந்து பாருங்கள்

தரகர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார். அது பரவாயில்லை. ஆனால் பிறகு நீங்கள் தனியாக, கால்நடையாக அந்த இடத்துக்குப் போக வேண்டும். காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூட நேரத்தில் ஒருமுறை, மத்தியான வெயிலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒருமுறை. தெரு விளக்கு எரிகிறதா, வாய்க்கால் மூடியிருக்கிறதா, நிழல் மரம் இருக்கிறதா, ஒழுங்கையில் ஓட்டோ திரும்புமா, அவசரத்துக்கு ஓர் அம்புலன்ஸ் உள்ளே வருமா என்று பாருங்கள். வயதான பெற்றோருக்காக வாங்குகிறீர்கள் என்றால், அவர்களை அழைத்துப் போய் அவர்களின் நடைக்குத்தான் தூரத்தை அளக்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு சுகம். வண்ணார்பண்ணையில் இருந்தால் வைத்தீஸ்வரன் கோயில், யாழ். இந்துக் கல்லூரி, கஸ்தூரியார் வீதிக் கடைகள் எல்லாம் கிட்ட. சுண்டுக்குளியில் பரியோவான் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) பழைய பூங்காவும் கிட்ட. போதனா வைத்தியசாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் மருந்துக்கடையும் டொக்டர்மாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள், ஆனால் வாகன நெரிசலும் தூசியும் கூட. நல்லூரில் கோயில் திருவிழாவின் 25 நாளும் சுற்றுவட்ட வீதிகள் மறிக்கப்படும், வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது இலேசல்ல. அதைப் பாக்கியமாக நினைக்கிறவர்கள் நல்லூரில் வாங்கட்டும். தொந்தரவாக நினைக்கிறவர்கள் வேறு இடம் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

மழை விடயத்தை மட்டும் நேரில் பார்த்துத் தீராது, அயலைக் கேட்கத்தான் வேண்டும். யாழ். நகரில் ஆறு இல்லை. மழைநீர் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் போய்த்தான் இறங்கும். குளத்தை அண்டிய தாழ்ந்த வளவுகளில் கார்த்திகை மழைக்கு முற்றம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டியபோது இந்த வளவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு முதியவர்களைக் கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். வாங்குகிறவருக்கு விற்பவர் சொல்லாததை அயல் சொல்லும். வேலிச் சண்டை இருந்தால் அதுவும் அப்போதே காதில் விழும்.

சின்னப் பிள்ளை உள்ளவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கும்போது வீட்டின் தூரம், தேர்தல் இடாப்பில் பெயர் இருக்கும் காலம், உறுதி உங்கள் பெயரில் இருக்கும் காலம் ஆகியவற்றுக்கெல்லாம் புள்ளி உண்டு. பள்ளிக்கூடத்துக்காகவே வாங்குவதென்றால், பிள்ளைக்கு நாலு வயது ஆன பிறகு ஓடித்திரிவதில் அவ்வளவு பயன் இல்லை.

2. உறுதியைக் கையில் வாங்கிப் படியுங்கள்

வீடு பிடித்துவிட்டதா? சரி, இப்போது உறுதியின் பிரதியைக் கேளுங்கள். ‘காசு தந்தால்தான் காட்டுவேன்’ என்பவரோடு மேற்கொண்டு கதைக்கத் தேவையில்லை.

பழைய உறுதியில் காணி விபரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “‘புளியடி வளவு’ என்னும் பெயருடைய காணி, பரப்பு வரகுக் கல்ச்சர் 2, குழி 6. இதற்கு எல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் ஆதனம், மேற்கு இன்னார் ஆதனம், தெற்கு வீதி. இதற்குள் அடங்கிய வீடு, பயன்தரு மரங்கள், கிணற்றில் அரைப் பங்கு, வழி வாய்க்கால் பங்கு யாவும்.” இதை ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

முதலில் அளவு. ஒரு பரப்பு என்பது 18 குழி, அதாவது 10 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆகவே மேலே சொன்ன 2 பரப்பு 6 குழி ஏறக்குறைய 23⅓ பேர்ச், 6,350 சதுர அடி. 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் ‘வரகுக் கல்ச்சர்’ என்று எழுதும் வரகுக் கணக்கு இதுதான். நெற்காணிக் கணக்கு வேறு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விலை பேசும்போது ‘பரப்பு இவ்வளவு’ என்றுதான் பேசுவார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பேர்ச் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தலையாட்டிவிடாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது எல்லை. உறுதியில் ‘வடக்கு இன்னார்’ என்று எழுதப்பட்டவர் காலமாகி ஐம்பது வருடமாகியிருக்கலாம். அந்தக் காணி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவரையும் வைத்துக்கொண்டு புதிதாக நில அளவை செய்யுங்கள். அனுமதி பெற்ற நில அளவையாளர் வந்து அளந்து, கல்லுப் போட்டு, படம் வரைந்து தருவார். பழைய பகுதியில் வேலி மதிலாக மாறியபோது ஒரு முழம் இங்காலும் ஒரு முழம் அங்காலும் போனது சர்வசாதாரணம். உறுதியில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் பொருந்தாவிட்டால் நிலத்தில் இருப்பதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

உறுதி விபரத்தின் கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். கிணறு உங்கள் வளவுக்குள் நின்றாலும் அரைப் பங்குதான் உங்களுக்கு என்றால், பக்கத்து வீட்டார் வந்து தண்ணீர் அள்ளும் உரித்து அவர்களுக்கு உண்டு. அதை மூடவோ மதில் கட்டி மறிக்கவோ முடியாது. ஒழுங்கையும் அப்படித்தான். அது மாநகர சபையின் ஒழுங்கையா, பங்காளிகளின் தனி ஒழுங்கையா என்பதைச் சபையில் கேட்டு அறியுங்கள். தனி ஒழுங்கை என்றால் உங்கள் உறுதியில் வழிப்பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். ‘நாங்கள் எந்த நாளும் இதாலேதான் போய்வாறது’ என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கக் கூடாது.

3. தோம்பு பாருங்கள்

காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவைத் தேடுவதை இங்கே தோம்பு பார்ப்பது என்பார்கள். போர்த்துக்கேயர் காலத்துச் சொல். காணியின் பக்க இலக்கம் உறுதியிலேயே இருக்கும். உங்கள் சட்டத்தரணியோ நொத்தாரிசோ (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) அதை வைத்துக் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடி, யார் யாருக்கு எழுதினார், ஈடு (அடமானம்) வைத்திருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் அபிப்பிராயம் தர வேண்டும். விற்பவரின் நொத்தாரிசே உங்களுக்கும் பார்க்கட்டும் என்று விடாதீர்கள். தனியாக ஒருவரை வைத்துப் பாருங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் காணி என்றால் அதோடு விட்டுவிடுங்கள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்படி வழக்கு முடியும்வரை அந்தக் காணியைக் கைமாற்ற முடியாது.

யுத்தமும் இடப்பெயர்வும் நகரத்துப் பத்திரங்களை நன்றாகவே சிதறடித்தன. 1990இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. மூல உறுதி தொலைந்தது என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மைதான். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதிக்கும் ஓர் இணைப்பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவதால், அங்கிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் மூல உறுதி எங்காவது ஈடாகக் கிடக்கிறதா என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகத்தெருப் பக்கம் வாங்குகிறவர்கள் 1990க்குப் பிறகு எழுதப்பட்ட உறுதிகளைக் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டும். உரித்தாளர் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் யார் கையெழுத்து வைத்தார், எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பதைக் கேட்டுத் தெளியாமல் வாங்குவது சட்டத்துக்கும் நியாயத்துக்கும் சரியல்ல.

4. யார் யார் கையெழுத்து வேண்டும்

வடமாகாணத்துத் தமிழர்களுக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுத்தில் கொண்டுவந்த இந்தச் சட்டத்தின் பல பகுதிகள் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கால் தடக்குவது இங்கேதான்.

திருமணமான பெண் தன் பெயரிலுள்ள சீதன வீட்டை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. தன் சொத்தை விற்க ஒரு பெண் இன்னொருவரிடம் கையெழுத்துக்குப் போய் நிற்பது எனக்கு உடன்பாடில்லை, மாற வேண்டிய சட்டம் இது. ஆனால் மாறும்வரை அந்தக் கையெழுத்து இல்லாமல் உறுதி நிலைக்காது. கணவன் காணாமற்போயிருந்தாலோ விட்டுப் பிரிந்திருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலான கட்டளை பெறலாம். அது இல்லாமல் ‘அவர் இல்லைத்தானே’ என்று எழுதக் கூடாது.

அடுத்தது பங்காளிகள். தாய் தகப்பன் காலமாகி, பிள்ளைகள் பிரிக்காமல் வைத்திருக்கும் வீட்டில் ஒருவர் தன் பங்கை மட்டும் விற்க வந்தால், மற்றப் பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் நீங்கள் வாங்கினால், பிறகு ஒருவர் நீதிமன்றம் போய் அந்தப் பங்கைத் தனக்கு எழுதுவிக்கலாம். ஆகவே பிரிபடாத பங்கை வாங்கவே வேண்டாம் என்பது என் ஆலோசனை. எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து ஒரே உறுதியில் எழுதித் தரட்டும்.

உரித்து இறங்கும் வழியும் ஒன்றல்ல. முதுசமும் (பெற்றோர் வழி வந்த சொத்து) சீதனமும் பொதுவாகப் பிள்ளைகளுக்கே இறங்கும். தேடியதேட்டம் (மணவாழ்க்கையில் தேடிய சொத்து) என்றால், தேடியவர் இறந்தபின் பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, மீதி வாரிசுகளுக்கு. விற்பவர் ‘அப்பாவின் வீடு, இப்போ என்னுடையது’ என்று சொன்னால் அது முதுசமா தேடியதேட்டமா, அம்மா இருக்கிறாரா, சகோதரர் எத்தனை பேர், மரணசாதனம் இருக்கிறதா, நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு முடிந்ததா என்று கேளுங்கள். பெற்றோர் நன்கொடையாக எழுதிவிட்டுத் தங்களுக்குச் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருப்பார்கள். அவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களும் வந்து அந்த உரித்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் உள்ளவர் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செய்ய எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்து இங்குள்ள ஒருவர் மூலம் விற்பது இப்போது வழமை. அது பதிவு செய்யப்பட்டதா, விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டதா, இரத்துச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அவரோடு முடிந்தது. வீடியோ அழைப்பில் அவரோடு ஒருமுறை நேரே கதைத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்களே வேறு நாட்டுப் பிரசையாகி இலங்கைப் பிரசாவுரிமையை விட்டவரானால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே காணி வாங்க முடியாது. பிறந்தது நல்லூராக இருந்தாலும் சட்டத்துக்கு நீங்கள் வெளிநாட்டவர்தான். இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தால் வாங்கலாம். மச்சானின் பெயரில் வாங்கி வைக்கும் யோசனை வேண்டாம். உறுதியில் யார் பெயரோ காணியும் அவருடையதே.

கோயில் காணியா என்பதையும் பாருங்கள். பழைய கோயில்களைச் சுற்றிச் சில இடங்களில் நிலம் கோயிலுக்கு, மேலே உள்ள வீடு மட்டும் குடியிருப்பவருக்கு. வாடகைக்கு ஆள் இருந்தால், அவர் வெளியேறி வீடு வெறுமையாகக் கைக்கு வந்த பிறகே உறுதி. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ள குடியிருப்பாளரை எழுப்புவது வருடக்கணக்கில் இழுபடும் வேலை.

5. வீட்டையும் கிணற்றையும் சோதியுங்கள்

தரகர்கள் பழைய வீட்டுக்கு விலையே போடுவதில்லை. ‘காணிக்குத்தான் காசு, வீட்டை இடிச்சுப்போடலாம்’ என்பார்கள். இதை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நடுமுற்றமும் திண்ணையும் உள்ள நாற்சார் வீடு இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் என்றே கட்டப்பட்டது. பண விடயமும் இருக்கிறது. வீதியோரம் திண்ணை முட்டக் கட்டிய பழைய வீட்டை இடித்தால், அதே இடத்தில் திரும்பக் கட்ட விடமாட்டார்கள். இன்றைய விதிப்படி வீதி எல்லையிலிருந்து பின்தள்ளித்தான் கட்ட வேண்டும். இரண்டு பரப்புக்கும் குறைந்த வளவில் அப்படிப் பின்தள்ளினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். வாங்க முன்பே மாநகர சபையில் வீதி எல்லைச் சான்றிதழ் எடுத்து, கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கோட்டை, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு போன்ற இடங்களின் அருகே கட்டட வேலை என்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படலாம்.

வீட்டுக்குள் போனதும் மேலே பாருங்கள். பனைமர வளைகளும் சலாகைகளும் சுவரில் வந்து குந்தும் இடத்தில்தான் கறையான் ஏறும். ஒரு தச்சரைக் கூட்டிப்போய் அந்த இடங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வைரம் பாய்ந்த பனை ‘ணங்’ என்று கேட்கும், உள்ளே கோறையானது பொத்தென்று கேட்கும். வளை நல்லது, ஓடு மட்டும் ஒழுகுகிறது என்றால் கூரை பிரித்து மேய்வதோடு முடியும். வளையே போயிருந்தால் பெருஞ்செலவு. சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்லுச்சுவராக இருந்து, பிறகு யாரோ சீமெந்து பூசியிருந்தால் கீழ்ப்பகுதி உப்புப் பூத்து உதிரும். ஈரம் வெளியேற வழியில்லாமல் போவதால் வருவது அது. பூச்சைக் கழற்றித் திரும்பச் சுண்ணாம்பு பூசினால் சரிவரும். ஷெல் விழுந்த வீடுகளில் நிலைக்கு மேலே வெடிப்பை அடைத்துப் பூசியிருப்பார்கள், அதை ஓர் எந்திரி பார்க்கட்டும்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. இங்குள்ள நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் இடுக்குகளில் ஓடுவது, மேலே ஊற்றியது கீழே சீக்கிரம் போய்ச் சேரும். நெருங்கிய வளவுகளில் ஒருவரின் மலசலகூடக் குழியும் மற்றவரின் கிணறும் அருகருகே இருக்கும். 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள். நைத்திரேற்று, கிருமி, சவர் மூன்றுக்கும் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். குழாய் நீர் இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்துவிட்டதா என்பதையும் நீர் வழங்கல் சபையில் கேளுங்கள்.

6. முற்பணம்

எல்லாம் சரி, விலையும் படிந்தது என்றால், முற்பணம் கொடுக்கும்போது விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் முதல் காணி விடயம் அப்படித்தான். முத்திரை ஒட்டிய கடிதமும் கைகொடுத்துப் பேசியதும் வழக்கென்று வந்தால் கைகொடுக்காது. எந்தத் தேதிக்குள் உறுதி, யார் பின்வாங்கினால் என்ன, வீட்டில் உள்ள மின்விசிறியும் பழைய கதவும் சேர்த்தியா என்பதை எல்லாம் அதில் எழுதுங்கள். பழைய வீட்டு வேலைப்பாட்டுக் கதவுகளும் தூண்களும் உறுதிக்கு முதல்நாள் இரவு லொறியில் ஏறிப் போவதுண்டு.

வாங்குகிறவர் முத்திரை வரிக்கும் காசு ஒதுக்க வேண்டும். முதல் ஒரு லட்சம் ரூபாவுக்கு 3 வீதம், அதற்கு மேலே 4 வீதம். நொத்தாரிசின் கட்டணம், பதிவுக் கட்டணம், தரகுப் பணம் வேறு. தரகு யார் எவ்வளவு என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள்.

7. விற்பவர்களுக்கு

விலை போட முன் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது நிறைய. சகோதரங்கள் எல்லோரையும் ஒரே அழைப்பில் எடுத்து, விற்கிறோமா, யாருக்கு எவ்வளவு என்று ஒத்துக்கொள்ளுங்கள். வாங்க ஆள் வந்த பிறகு ஒருவர் ‘அம்மா இருந்த வீடு, நான் விடமாட்டேன்’ என்று சொன்னால், அவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் கேட்காதது பிழை. அவருக்கே வாங்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதுதான் சட்டத்தின் முறையும்.

பிறகு கடதாசிகள்: மூல உறுதியும் அதற்கு முந்தியவையும், நில அளவைப் படம், சோலைவரிப் (மாநகர சபைக்குக் கட்டும் ஆதன வரி) பற்றுச்சீட்டு, கட்டட அனுமதிப் படம், மின்சார நீர்க் கட்டணச் சிட்டைகள். இவற்றை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு விலை நன்றாகவே வரும். வளவைத் துப்புரவாக்கி, ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள். வெடிப்பை மறைத்துப் பூச வேண்டாம், பழைய வீடு தேடி வருகிறவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாங்க வருகிறவர் வீட்டை வைத்திருக்கப் போகிறாரா, இடித்துக் கடை கட்டப் போகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சற்றுக் குறைந்த விலைக்கு என்றாலும் குடியிருக்க வருகிறவருக்குக் கொடுத்த குடும்பங்கள் இந்தத் தெருக்களில் உண்டு. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன், ஒழுங்கையில் குடியிருக்கும் சனம் குறைந்தால் மற்ற வீடுகளின் பெறுமதியும் போய்விடும்.

வரியும் இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் ஆதனம் விற்ற இலாபத்துக்கு மூலதன இலாப வரி உண்டு. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பிருந்தே உங்களிடம் உள்ள வீடு என்றால் அந்தத் தேதியின் பெறுமதியை வாங்கிய விலையாக எடுக்கலாம். ஆகவே ஒரு மதிப்பீட்டாளரிடம் அதற்கான அறிக்கை எடுத்து வையுங்கள். சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு நிபந்தனைகளோடு விலக்கும் இருக்கிறது. விற்று ஒரு மாதத்துக்குள் வரி விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும்.

8. உறுதி எழுதும் நாளும் அதன் பிறகும்

காலையில் எழுத முன் தோம்பை இன்னொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கடைசிக் கிழமையில் ஈடோ வழக்கோ பதிவாகியிருக்கலாம். காசை வங்கிக் காசோலையாகக் கொடுங்கள், முழுத் தொகையையும் உறுதியில் எழுதுங்கள். முத்திரை வரியை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதினால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது இலாபம் பெரிதாகக் காட்டும், பங்காளி வழக்குப் போட்டாலும் குறைத்து எழுதிய தொகைதான் கையில் வரும். திறப்புகளை அதே இடத்தில் வாங்கிவிடுங்கள்.

உறுதி உடனே பதிவுக்குப் போக வேண்டும். நீங்கள் பதியாமல் வைத்திருக்க, அதே காணியை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால் அவருக்குத்தான் முன்னுரிமை. பதிந்து வந்ததும் அதன் பிரதியோடு மாநகர சபைக்குப் போய்ச் சோலைவரி இடாப்பில் பெயரை மாற்றுங்கள். மின்சாரமும் நீரும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். கிராம சேவையாளரிடம் குடும்ப விபரத்தைப் பதிந்து, அடுத்த தேர்தல் இடாப்புக்குப் பெயர் கொடுங்கள். கிணற்றிலும் ஒழுங்கையிலும் பங்குள்ள வீடுகளுக்கு அந்தக் கிழமையே போய், எந்த நேரம் யார் தண்ணீர் இறைப்பது, ஒழுங்கையைத் துப்புரவாக்கும் செலவு எப்படி என்று கதைத்து ஒரு கடதாசியில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.